என் நேர்ச்சைக்கு உன் நாக்கு

மாமா,

இன்று திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, ராஜபாளையத்தில் பஸ் ஏறி, வழக்கம்போல ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கினேன். கடைக்குப் பின்னால் அடுப்படிக் கதவைத் தள்ளியதும் புளிய விறகுப் புகையும் சுண்டுகிற பாலின் வாசமும் முகத்தில் அடித்தன. "வாரும் சிவனடியாரே! எங்க ஆளுகளே இம்புட்டுப் பட்டை போட மாட்டாவளே" என்று உன் குரல் வரும் என்று ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றுவிட்டேன், பார். புத்தி கெட்டவன். நீ போய் மூணு மாசம் ஆகிறது.

நீ மாமா, நான் மாப்ள. அந்த முறை எப்படி வந்ததென்று நம் இரண்டு பேருக்குமே தெரியாது. நீ கூமாப்பட்டிக்காரன், அய்யனாருக்குக் கிடாய் வெட்டுகிற குடும்பம். நான் மாதா கோயில் தெருக்காரன். நான் பால்கோவா கிண்டுகிறவன், நீ அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். தீ கூடினால் நான் கத்துவேன், குறைந்தால் முதலாளி கத்துவார், இரண்டுக்கும் நீ சிரிப்பாய்.

என் மகளுக்கு நாலு வயதில் காய்ச்சலோடு ஜன்னி கண்டதே, அந்த நாளை மறப்பேனா? வீட்டிலிருந்து போன் வந்ததும் கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு நான் வாசலுக்கு ஓடினேன். நீதான் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு விரட்டினாய். அந்த வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "மாதாவே, பிள்ளையைக் குடுத்துரு. தவக்காலம் நாப்பது நாளும் இனிப்பை நாக்குல வைக்க மாட்டேன், உயிர் இருக்கிற வரைக்கும்" என்று நேர்ந்துகொண்டேன். பக்கத்தில் நின்றது நீ மட்டும்தான். என் நேர்ச்சைக்கு வேறு சாட்சி இல்லை. பிள்ளை பிழைத்தாள்.

பால்கோவா கிண்டுகிறவன் இப்படி ஒரு நேர்ச்சை வைப்பானா என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. முதல் தவக்காலத்திலேயே மாட்டிக்கொண்டேன். ருசி பார்க்காமல் கண்ணளவிலேயே சமாளிக்கலாம் என்று நினைத்து, போட்ட சீனியையே மறந்து மறுபடியும் போட்டு, ஒரு சட்டி முழுக்கப் பாழானது. முதலாளி ஆடின ஆட்டத்தில் அடுப்படியே அதிர்ந்தது. "ஒங்க சாமி விரதம் இருன்னாரா, என் யாவாரத்தைக் கெடுன்னாரா?" என்றார். நீதான் விறகைப் போட்டுவிட்டு வந்து, கையைக் கழுவி நீட்டினாய். "இவன் கிண்டட்டும் மொதலாளி. நாப்பது நாளைக்கு நாக்கு என்னுது."

அதிலிருந்து பதிமூணு தவக்காலம். இறக்கப் போகிற நேரத்தில் பூவரச இலையில் ஒரு துளி எடுத்து உன்னிடம் நீட்டுவேன். நீ ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெரிய நீதிபதி மாதிரி செத்த நேரம் யோசிப்பாய். "இன்னும் ஒரு பிடி" என்பாய், இல்லாவிட்டால் "இறக்கு மாப்ள" என்பாய். ஒருநாளும் தப்பியதில்லை. "ஒங்க சாமி ஒனக்குப் பட்டினி போடுதாரு, எனக்குப் பால்கோவா போடுதாரு. இதுல எந்தப் பயலுக்கு நல்ல சாமின்னு நீயே சொல்லு" என்று வேறு கேட்பாய்.

வெள்ளிக்கிழமை ஆனால் என்னைச் சீக்கிரம் விரட்டுவதும் நீதான். "போ, போ, ஒனக்குச் சிலுவைப்பாதை இருக்கு. சட்டியை நான் கழுவுறேன்." பங்குனி வெயிலில் அடுப்படி கொதிக்கும். வேர்வை சட்டியில் விழாமலிருக்கத் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்போம். ஒரு வெள்ளிக்கிழமை செண்பகத்தோப்புப் பக்கம் மலை கறுத்து, சடசடவென்று கோடை மழை இறங்கியது. பஸ்ஸுக்குப் போக முடியாமல் நான் முனகிக்கொண்டிருந்தேன். நீ புறவாசலில் இறங்கி, சட்டையோடு மழையில் நின்றாய். "ஏ மாப்ள, வாய்யா இங்க! சிலுவை சுமந்தவருக்கே ஒருத்தன் கை குடுத்தாம்லா, ஒனக்கு மழை கை குடுக்கு. நனை!" என்றாய். அந்தக் கதையை என்னிடம்தான் கேட்டு வைத்திருந்தாய். நானும் இறங்கி நனைந்தேன். இப்போதும் மேற்கே மேகம் கூடினால் புறவாசலைத் திரும்பிப் பார்க்கிறேன், மாமா. எம்புட்டுச் சந்தோஷமாக இருந்திருக்கிறோம்.

ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த நேர்ச்சையில் பெருமை இருந்தது. "பால்கோவாச் சட்டி முன்னால நின்னும் நாப்பது நாள் தொட மாட்டாரு" என்று கோயிலில் நாலு பேர் பேசுவது என் காதில் விழும். கேட்காதவன் மாதிரி நடந்துபோவேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

போன ஐப்பசியில் உன் கால் விரலில் விறகுச் சிலாம்பு ஏறியது. ஆறவில்லை. ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது உன் வீட்டு அக்கா வெளியே உட்கார்ந்திருந்தாள். "அவியளுக்கு அஞ்சு வருஷமா சுகர் இருக்கே தம்பி, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அஞ்சு வருஷம். அஞ்சு தவக்காலம். ஒரு நாளைக்கு எத்தனை சட்டி, எத்தனை இலை! என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே, "அது மட்டும்தானா? டீக்கு மூணு கரண்டி சீனி கேக்குற மனுசன். நீங்க ஒண்ணும் நெனைக்காதீய" என்றாள். நினைக்காமல் இருக்க முடியுமா?

உள்ளே வந்து உன்மீது பாய்ந்தேன். நோயாளி என்றும் பார்க்கவில்லை.

"ஏன்யா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? நீயே நாக்குல வச்சுப் பாப்ப."

"பாத்தா என்ன? குடியா முழுகிரும்?"

"புள்ள பேர்ல வச்ச நேர்ச்சைலா அது? அன்னைக்கு அந்த வராந்தாவுல நானுந்தான நின்னேன்."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ என் கையில் ஒரு தட்டுத் தட்டி, "ரொம்பப் பெருமைப்பட்டுக்கிடாத. ஒன் பால்கோவாவுக்கு ஒரு ஆளைச் சாய்க்கிற அளவுக்குச் சத்து கெடையாது" என்றாய். அப்போதும் சிரிக்க வைத்தாய், பாவி. கார்த்திகை முடிவதற்குள் போய்விட்டாய்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, "வேலைக்குப் பதம் பாக்குறது திங்குறது ஆகாதுப்பா. சந்தேகம் இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும், நேர்ச்சையை வேற நல்ல காரியமா மாத்திக் குடுத்திருப்பேனே" என்றார். ஒரு வார்த்தை. அதைக் கேட்டு வாங்கியிருந்தால், நீ விறகோடு உன் பாட்டுக்கு இருந்திருப்பாய். பட்டினி கிடந்தது நான் என்று ஊர் நினைத்தது, நானும் நினைத்தேன். உடம்பைக் கொடுத்தது நீ. உன் சாமிக்கும் இல்லாமல், என் சாமிக்கும் இல்லாமல், என் பிள்ளைக்காக. அவள் இப்போது காலேஜ் போகிறாள், மாமா. உனக்குத் திவசம் வந்தால் தானும் கூமாப்பட்டி வருவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இன்று முதல் சட்டி இறக்குகிற பதத்துக்கு வந்தது. டப்பா கட்டுகிற பெண்ணுக்கு என் விரதம் தெரியும். ஓடி வந்து, "அண்ணாச்சி, நான் பாத்துச் சொல்லட்டா?" என்று கையை நீட்டினாள். "ஒனக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டேன். "என்னண்ணாச்சி, எனக்கு இருபத்தெட்டு வயசுதான்!" என்று அவள் சிரித்தாள். "டெஸ்ட் எடுத்துருக்கயா?" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அவளைப் போகச் சொல்லிவிட்டு, நெற்றிச் சாம்பலோடு, நானே விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். நேர்ச்சை முறிந்ததா இல்லையா என்று மாதா பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. அந்தப் பெண்ணிடம் அதைக் கேட்க ஒரு நொடி ஆகவில்லை, மாமா. பதிமூணு தவக்காலம் தினமும் உன் கையில் இலையைக் கொடுத்தேன், உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை.