கஸ்தானியன் கொக்கான்

அக்கா,

குளிர் தொடங்கிவிட்டதே என்று இன்று காலை பழைய கோட்டை எடுத்துப் போட்டேன். பஸ்ஸுக்கு நின்றபடி பைக்குள் கையை விட்டால், சுருங்கிக் காய்ந்த ஒரு கஸ்தானியன் கொட்டை. போன வருடம் நீங்கள் போட்டது. "பொக்கெற்றுக்குள்ள கிடக்கட்டும். வாதம் வராதாம், ஜெர்மன் கிழவியள் சொல்லுதுகள்" என்று எனக்கொன்று, உங்களுக்கொன்று போட்டீர்கள். உங்களுக்கு வாதம் வரவில்லைதான். உங்களை ஆஸ்பத்திரியில் கிடத்திய வருத்தத்தைப் பார்த்தால் வாதமே வந்திருக்கலாம்.

ஹம் நகரத்தில் அந்தக் கிண்டர்கார்டனுக்கு நான் வேலைக்கு வந்த முதல் இலையுதிர்காலம் நினைவிருக்கிறதா? வாசலில் நிற்கும் பெரிய கஸ்தானியன் மரத்தின் கீழ் நீங்கள் குனிந்து குனிந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். தின்னவும் உதவாத கொட்டை. "என்ன வடிவெண்டு பாருங்கோவன்" என்று ஒன்றைத் துடைத்து நீட்டினீர்கள். உங்களுக்கு அங்கே சமையலறையில் வேலை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் முன்பள்ளி ஆசிரியை. இடம்பெயர்ந்தபோது சான்றிதழ் தொலைந்துபோக, இங்கே உங்கள் படிப்பை ஒருவரும் ஏற்கவில்லை. "பேப்பர் இல்லாட்டி படிப்பும் இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே உருளைக்கிழங்கு சீவுவீர்கள். எனக்கு இங்கேயே அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்த பேப்பர் இருந்தது. ஆகவே குழந்தைகள் எனக்கு, பானை சட்டி உங்களுக்கு.

என்னுடைய இலையுதிர்காலத் திட்டத்தில் என்ன இருந்தது? இலை ஒட்டுதல், கொட்டைக்குத் தீக்குச்சிக் கால் வைத்து முள்ளெலி செய்தல். பத்து நிமிடத்தில் குழந்தைகள் அலுத்துப்போய் ஒன்றையொன்று கிள்ளத் தொடங்கிவிடும். நீங்கள் பாத்திரம் கழுவிய கையைத் துடைத்தபடி வந்து நிலத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, ஐந்து கொட்டைகளைப் பரப்பி, ஊரில் கல்லை எறிந்து பிடிப்பதுபோல் கொக்கான் வெட்டிக் காட்டினீர்கள். சின்னதுகளுக்கு அது ஏலாது என்று விளையாட்டைச் சுருக்கினீர்கள். ஒரு கொட்டையை மேலே எறி, இரண்டு கையாலும் பிடி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணு. விழுந்தால் தலையில் கை வைத்து "அம்மாடி!" அந்த அம்மாடிக்காகவே எல்லாம் வேண்டுமென்று கொட்டையை விழவிட்டன. மூன்று மாதமாக ஒருவரோடும் வாய் திறக்காத மூன்று வயது லேனா எங்களிடம் பேசிய முதல் சொல் அதுதான். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்வானேன், எரிச்சலாகவும் இருந்தது.

அந்த நாளையும் எழுதாமல் விட ஏலாது. "லேனாவைப் பாத்துக்கொள்ளும், தட்டுகளை அடுக்கிப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். நான் யன்னல் பக்கம் திரும்பிக் கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். லேனா கொட்டையை வாய்க்குள் போட்டதைச் சமையலறை வாசலிலிருந்து கண்டதும் நீங்கள்தான். ஓடிவந்து விரலை விட்டு வெளியே எடுத்ததும் நீங்கள்தான். அந்த நேரம் பார்த்து அவளுடைய தாய் கதவைத் திறந்தாள். அவள் கண்டது, வீரிட்டு அழும் பிள்ளையும், அதன் வாய்க்குள் விரல் விட்டிருந்த சமையல்காரியும்.

மறுநாள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு கிழமை இருந்தது. "பார்த்திருக்க வேண்டியது நான்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். நான் சொன்னது, "அவ இடைக்கிடை வந்து பிள்ளைகளோடு விளையாடுறவ." அதில் பொய் ஒன்றுமில்லை. அப்படிக் கெட்டித்தனமாகச் சொன்னேன்.

"இனி அவர் பிள்ளைகளிடம் வரக் கூடாது. நீங்களே உங்கள் மொழியில் சொல்லுங்கள், மனம் நோகாது" என்றார் பொறுப்பாளர்.

வந்து சொன்னேன். நீங்கள் பெரிய பானையைத் துடைத்துக்கொண்டு நின்றீர்கள். ஏசுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். "ஓம்" என்றீர்கள். பானையைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"பொறுப்பாளர் வந்து ஜெர்மனில சொல்லியிருந்தா விளங்காத மாதிரி நிண்டிருப்பன். நீர் வந்து தமிழில சொல்லிப்போட்டீர்."

பிறகு ஒரு வருடத்துக்கு மேல் சமையலறை வாசலைத் தாண்டிப் பிள்ளைகளிடம் நீங்கள் வரவில்லை. உங்கள் பெயரே அதுதான் என்று நினைத்துப் பிள்ளைகள் "அக்கா, அக்கா" என்று வாசலில் வந்து நிற்கும். அகப்பையை ஆட்டிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். அப்படியிருந்தும் அடுத்த இலையுதிர்காலத்தில் என் கோட்டுக்குள் கொட்டை போட்டீர்களே, அதை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் வந்தேன். இரண்டு தரமும் அங்கத்தைய சாப்பாட்டைப் பற்றியே கதைத்தேன். சொல்ல வந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். "பஸ் போயிடும், போயிட்டு வாரும்" என்றீர்கள். நானும் தப்பினேன் பிழைத்தேன் என்று போய்விட்டேன். தூ, நானும் ஒரு மனிசி.

நீங்கள் இல்லாமல் போனதைப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சமையலறையில் இப்போது வேறொருத்தி.

இன்று முற்றத்தில், மரத்தடியில், லேனா புதிதாக வந்த சின்னதுகளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது ஐந்து வயது. ஒண்டு, ரெண்டு, மூண்டு. கொட்டை விழுந்தது. பொன்னிறத் தலைகளில் கை வைத்து எல்லாம் "அம்மாடி!" புதிதாக ஆசிரியைப் பயிற்சிக்கு வந்த இளம் பிள்ளை சிரித்துக்கொண்டு, "என்ன அருமையான விளையாட்டு! உங்களுடையதா?" என்று என்னைக் கேட்டாள். கோட்டுப் பைக்குள் உங்கள் கொட்டை என் கைக்குள் இருந்தது. அப்படியிருந்தும் என் வாய் "யா, என்னுடையதுதான்" என்றது.

லேனா நிமிர்ந்து பார்த்தாள். "இல்லை. இது அக்காவின் விளையாட்டு" என்றாள். பிறகு சமையலறை யன்னலைக் காட்டி, "அக்கா வெளியில் வரக் கூடாது" என்றாள்.

பயிற்சிக்காரப் பிள்ளை, "ஏன்? யார் சொன்னது?" என்று கேட்டாள். லேனாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், அக்கா.