அக்காவின் மெயிலும் ஐந்தாவது ஆப்பும்

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய நர்ஸ், தூங்கிக்கொண்டிருந்த கணவனுக்குச் சாப்பாட்டு மேசையில் சீட்டு எழுதி வைத்தாள். அழுத்திய அழுத்தில் காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்தது.

"என்னங்க, அந்தப் புது மெயில் ஆப்பை போன்லேருந்தும் கம்ப்யூட்டர்லேருந்தும் தூக்கிடுங்க. மூணு மாசத்துல இது அஞ்சாவது! 'ரெண்டே நாள்ல பழகிடும்'னீங்க. அக்கா அனுப்பின மெயிலை விளம்பரத்தோட விளம்பரமா ஒதுக்கி வச்சிருக்கு. ஒன்பது நாளாச்சு. போன்ல காட்டவே இல்ல. கம்ப்யூட்டர்ல இப்பதான் கண்ணுல பட்டுது. நாலு வருஷமா என்கிட்ட பேசாதவ, இன்னிக்குத் தேதியைப் போட்டு, 'பத்து மணி பஸ்ல வரட்டுமா? நீ பதில் போட்டா வரேன்'னு கேட்டிருக்கா. நான் வேணும்னே பேசாம இருந்துட்டேன்னுதானே நினைப்பா? போன் பண்ணினேன், எடுக்கல. பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. அவ வரலன்னா அடுத்த பஸ் ஏறி வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வாங்க.

பழைய ஆப்பே போதும். அழகா இல்லாட்டி என்ன, போன், கம்ப்யூட்டர் ரெண்டுலயும் ஒண்ணையே காட்டுது."

அடியில் இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்: "சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல. கோபத்துல சமைச்சது, உப்பு பாத்துக்குங்க."

மதியம் வார்டில் அவளுடைய போன் அடித்தது. அக்காவின் குரல்.

"அடியே, உன் வீட்டுக்காரர் வந்து அரை மணி நேரமா மெயில் ஆப்பைப் பத்தியே விளக்கிட்டிருக்காருடி. முதல்ல அவரை நிறுத்தச் சொல்லு. நான் செருப்பு மாட்டிட்டேன்."