மரையில் சுற்றிய டேப்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, நீ விட்டுப்போன வண்டி மூவரும் நலம். உன் நலத்தையும், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதையும் அறிய ஆவல். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது, கால் வீக்கம் வற்றியிருக்கிறது, நர்ஸை அதட்டுகிற அளவுக்குத் தெம்பும் வந்துவிட்டது. உன் அண்ணன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் சின்ன வயசில் உன்னைப் பார்த்த மாதிரியே இருக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்குக் கோபம்தான் சரளமாக வருகிறது, மற்றதெல்லாம் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது.

நீ அனுப்பிய மீட்டர் இரண்டையும் வண்டியில் நானேதான் மாட்டினேன், ஒன்று டர்போவின் காற்றழுத்தத்துக்கு, இன்னொன்று ஆயில் பிரஷருக்கு. மெக்கானிக்கிடம் கொடுங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். முப்பத்தைந்து வருஷம் பிளம்பர் வேலை பார்த்தவனுக்கு ஒரு மரையை முறுக்கத் தெரியாதா என்று எனக்கு வீம்பு. டர்போ மீட்டர் சொன்னபடி கேட்டது, ஆயில் மீட்டருக்கான சென்சாரை இன்ஜினில் முறுக்கியும் அதன் முள் மட்டும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. வண்டியோ எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. உன்னிடம் சொன்னபோது, "சென்சார் மரையில டேப் சுத்துனீங்களாப்பா?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்று தைத்தது. தண்ணீர் கசியாமலிருக்க டேப் சுற்றாமல் நான் மரை முறுக்கியதே கிடையாது, என் தொழிலிலேயே குறை கண்டுபிடிக்கிறாள் என்று நினைத்து, "தூரத்துல உக்காந்து பொம்மை அனுப்புறதுக்குப் பதிலா வந்து அம்மாவைப் பாரு" என்று கத்திவிட்டு போனை வைத்தேன். அதற்கப்புறம் பதினொரு நாள் நீ கூப்பிட்டும் எடுக்கவில்லை.

கடைசியில் அம்மாதான் மடக்கினாள். "அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி, சுத்துனீங்களா இல்லையா?" என்றாள். சுற்றியிருந்தேன், ஒன்றுக்கு ஏழு சுற்று. சென்சாரைக் கழற்றிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, இது தண்ணிக் குழாய் இல்ல, இதுக்கு கரண்ட்டோட எர்த் மரை வழியாத்தான் போகணும், நீங்க டேப்பைச் சுத்தி அதோட வாயைக் கட்டிட்டீங்க" என்றார். டேப்பைச் சுரண்டி எடுத்து வெறும் மரையாக முறுக்கி இன்ஜினை ஓட விட்டேன், முள் எழுந்து நாலில் போய் நின்றது. அப்போதே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, பாலத்து ஏற்றத்தில் அந்த முள் இரண்டுக்கு வந்தது, பார்க்கப் பார்க்க ஒன்றுக்கு இறங்கியது. ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய, வண்டியோடு வந்த சிவப்பு விளக்கு எரியவே இல்லை. முன்பென்றால் நேரமாகிறதென்று இன்னும் மிதித்திருப்பேன். ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தால், டர்போவுக்கு ஆயில் போகும் குழாயில் விரிசல், கொதிக்கிற புகைக்குழாய்மேல் ஆயில் சொட்டிப் புகைந்துகொண்டிருக்கிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா தீப்பிடிச்சிருக்கும்யா" என்றார். அம்மாவுக்கு சீட் பெல்ட்டைக் கழற்றவே என் கை வேண்டும், காலை ஊன்றி இறங்க ஐந்து நிமிஷம் ஆகும். அதற்குமேல் என்னால் நினைக்க முடியவில்லை. டாக்ஸி பிடித்து அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம், நல்லவேளை படுக்கையை வேறு யாருக்கும் கொடுத்துவிடவில்லை.

நான் பொம்மை என்றேனே, அதுதான் உன் அம்மாவைக் காப்பாற்றிக் கொடுத்தது. தினமும் அந்த வண்டியைத் துடைக்கிற நான் கவனிக்காததை, எங்கோ இருக்கிற நீ யோசித்து வாங்கி அனுப்பியிருக்கிறாய். உன்னைப் பெற்றதற்கு நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். இதை உன் முகத்துக்கு நேரே நான் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

குழாயைப் புதிதாக மாற்றியாயிற்று, வண்டியைப் பற்றிக் கவலைப்படாதே. நீ நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்தபடி நீடூழி வாழவேண்டும் என்று நாங்கள் வேண்டாத நாளில்லை. கண் டாக்டரிடம் போவதை இனியும் தள்ளிப்போடாதே.

முடித்துவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "இவ்வளவு எழுதினீங்க, எழுத வேண்டியதை மட்டும் எழுதலையே" என்றாள். அவளிடம் தப்ப முடியுமா, எழுதிவிடுகிறேன். நான் பேசியது தப்பு. அப்பாவை மன்னித்துவிடு கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா