கழுத்துக்குள் ஒரு கம்பி

பெங்களூர்
20.8.2004

அன்பு மாப்ள ஸ்ரீநாத்,

நான் சுகம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கீங்க? போன்ல சொன்னா பாதிதான் கேப்ப, அதான் எழுதுறேன்.

நம்ம பேண்டுல டிரம்ஸ் அடிக்கிற முத்துக்கருப்பன் லீவுக்கு மேலூர் வாரான். என் கிடாரை அவன் கையில குடுத்து விட்டிருக்கேன். அடுத்த மாசம் பதினொண்ணாம் தேதி இங்க பெரிய போட்டி. புதுப் பாட்டெல்லாம் ரொம்பக் கீழ் சுருதி, மெட்டல் மியூசிக்ல இப்ப அதுதான் வேணும்ங்கிறாங்க. தடி ஸ்ட்ரிங்கை 'ஏ' வரைக்கும் இறக்குறோம். சாதா ஸ்ட்ரிங் துணிக்கொடி மாதிரித் தொங்குது, அடிச்சா படபடங்குது. அதனால இருக்கிறதுலயே தடிச்ச செட்டா வாங்கி வச்சிருக்கேன். அதுக்குத் தக்கன கிடாரை நீதான் சரி பண்ணிக் குடுக்கணும். மதுரையில உன்ன மாதிரி கை கிடையாதுன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு உன்
கார்த்திகேஷ்

ஒத்தக்கடை
9.9.2004

அன்புள்ள கார்த்திகேஷ்,

இந்தக் கடுதாசியையும் கிடாரையும் முத்து கொண்டாருவான். இன்னைக்கு ராத்திரி பஸ்ஸுக்குக் கெளம்புறான். தடி ஸ்ட்ரிங் உக்காரலைன்னு தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்குற 'நட்டு'ல காடிய அரம் வச்சு அகலமாக்கினேன். கீழ்முனையில ஸ்ட்ரிங்கைப் பிடிக்கிற பிரிட்ஜைப் பின்னால தள்ளிச் சுருதி சேர்த்திருக்கேன். கிடார் கழுத்து லேசா வளைஞ்சிருந்துச்சு, அதையும் பார்த்தாச்சு. வேற ஒண்ணும்... நேர்ல பேசிக்கலாம். நல்லா வாசி.

உன் ஸ்ரீநாத்

பெங்களூர்
14.9.2004

மாப்ள,

எல்லாம் போச்சு. ரெண்டாவது பாட்டுலயே கழுத்து வளைஞ்சு ஸ்ட்ரிங்கெல்லாம் மேல தூக்கிருச்சு. எங்க அமுக்கினாலும் சுருதி விலகுது. கூட்டம் கூவுச்சு, பாதியில இறங்கிட்டோம். என்னடா பண்ணுனன்னு முத்துவைக் கேட்டா, பஸ்ல அசந்துட்டேன், பிரேக் போட்டப்ப கிடார் பெட்டி சரிஞ்சிருச்சுங்கிறான். எல்லார் முன்னாடியும் அறைஞ்சுட்டேன். இனி பேண்ட் பக்கம் வராதன்னு சொல்லிட்டேன். அன்னைக்கே ஊருக்குப் போயிட்டான்.

உன் வேலை அம்புட்டும் வீணாப் போச்சேன்னுதான் வருத்தம்.

கார்த்திகேஷ்

ஒத்தக்கடை
2.10.2004

அன்புள்ள கார்த்திகேஷ்,

கடுதாசி வந்துச்சு. படிச்சு மனசு கஷ்டமாப் போச்சு. பஸ்ல அடிபட்டா அப்படி ஆகும்தான். உடம்பப் பார்த்துக்க.

ஸ்ரீநாத்

ஒத்தக்கடை
28.11.2004

கார்த்திகேஷுக்கு,

படிச்சுட்டுக் கிழிச்சுப் போடு, ஆனா முழுசாப் படி. உன் கிடாரைக் கெடுத்தது நான்.

கழுத்து வளையாமத் தாங்குறதுக்கு உள்ள ஓடுற இரும்புக் கம்பிய, ஸ்ட்ரிங்கைத் தளர்த்தாம அவசரத்துல முறுக்கிட்டேன். டக்குன்னு ஒரு சத்தம், கம்பி உள்ளயே அத்துப் போச்சு. அதுக்கப்புறம் முறுக்குற சாவி சும்மா சுத்துச்சு. முத்து அப்ப டீ வாங்கப் போயிருந்தான். அவன் வர்றதுக்குள்ள கம்பி முனைக்கு மேல இருக்கிற மூடியத் திருகி மூடிட்டேன். உன் போட்டி முடியிற வரைக்கும் தாங்கிரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஊரெல்லாம் என் கையப் பத்திச் சொல்லி வச்சிருந்த, அந்தப் பேரு போயிரக் கூடாதுன்னு பயம். 'ஆகும்தான்'னு எழுதினேன் பாரு, அது பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன்.

நேத்து மேலூர் போனேன். அங்க கிரானைட் ஆபீஸ்ல லாரிக்குச் சீட்டு எழுதுறான் முத்து. நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கிட்டிருந்த சீட்டை ஓரமா வச்சான்.

"மெய்யாவாண்ணே? நான்தான் ஒடச்சேன்னு இருந்தேன். அன்னைக்குத் தூங்காம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு டெய்லி நெனைப்பேன்."

டிரம்ஸ் குச்சியக் கையால தொட்டு ரெண்டு மாசமாச்சாம். என்னைத் திட்டுவான்னு பார்த்தேன், திட்டல.

"கார்த்தி அண்ணனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"மொதல்ல அவருக்கு எழுதுங்க"ன்னுட்டு, காத்துக்கிட்டிருந்த லாரிக்காரர்கிட்டப் போயிட்டான். அதான் இன்னைக்கு எழுதுறேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் இல்ல.

ஸ்ரீநாத்

பெங்களூர்
9.12.2004

ஸ்ரீநாத்,

உன் கடுதாசி வந்த அன்னைக்கே நீ சொன்ன அந்த மூடியத் திறந்து பார்த்தேன். மூணே திருகாணி. மூணு மாசமா நான் அதைத் திறக்கவே இல்ல.

உனக்கு எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு. மேடை ஏறுறதுக்கு முன்னாடி முத்து வந்து, "ஸ்ட்ரிங் தூக்கலாத் தெரியுதுண்ணே, ஸ்ரீநாத் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க"ன்னான். "டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு இதெல்லாம் என்னடா தெரியும்?"னு நான்தான் வாய அடைச்சேன். நம்மாளு கை தப்பாது, முத்துதான் கெடுத்திருப்பான்னு எனக்கு அம்புட்டு லேசாத் தோணிருச்சு. நீயும் நானும் நம்ம வீட்டுப் பேச்சு சௌராஷ்டிர பாஷையில பேசிச் சிரிக்கிறப்ப, ஒண்ணும் புரியாமலே நம்ம கூடச் சேர்ந்து சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானே, அந்த மூஞ்சியிலதான் அறைஞ்சிருக்கேன்.

சனிக்கிழமை மேலூர் போறேன். பேண்டுக்குத் திரும்பி வான்னு கூப்பிடப் போகல. அதைக் கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல. அறைஞ்சது தப்புன்னு அவன் ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லணும், அம்புட்டுதான்.

நீ கூட வராத. உன் தப்பை நீ சொல்லிட்ட, என்னோடதை நான் தனியாத்தான் சொல்லணும். நீ செஞ்சதை விட, 'அதையும் பார்த்தாச்சு'ன்னு எழுதின அந்தக் கடுதாசிய அவன் கையிலயே குடுத்து விட்டதுதான் எனக்கு ஆறல. அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு.

மேலூர் பஸ் ஒத்தக்கடையில நிக்கும். நான் இறங்க மாட்டேன்.

கார்த்திகேஷ்