கைப்பிடி அரிசி போன வீடு

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. சீருடை காயவில்லை. அயர்ன் பாக்ஸை வைத்துக் காயவைத்தேன், காலரில் தீய்ந்த வாசனை.

ஞாயிறு ஆராதனையில் போதகர் சொன்னது: ஆண்டவர் நம்மைச் சத்தமில்லாமல் பராமரிக்கிறார், கவனித்தால்தான் தெரியும். கவனிப்பது எனக்குப் பிடித்த வேலை. எனவே இன்று முதல் தினமும் 'கண்டது' என்று ஒரு வரி.

நிலவரம்: அப்பாவின் வலது கை மாவுக்கட்டில். படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்தது. பஜாரில் அரிசி மூட்டை ஏற்றும் எங்கள் பெட்டி ஆட்டோ தார்ப்பாய் மூடி வாசலில் நிற்கிறது. கிடங்கு முதலாளி சொல்லியனுப்பியிருக்கிறார்: திங்கட்கிழமை வண்டி வராவிட்டால் லோடு வேறு ஆளுக்கு. லோடு போனால் கொச்சி மட்டாஞ்சேரியில் நமக்கு என்ன இருக்கிறது, திருநெல்வேலிக்கே போய்விடலாம் என்கிறார் அப்பா. போனால் என் பத்தாம் வகுப்பு பாதியில். பள்ளி நூலகச் சாவி (இந்த வருடம் என்னிடம்!) திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அம்மா உலை வைக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும்போல முதலில் ஒரு பிடி அரிசி எடுத்து "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று பிஸ்கட் டின்னில் போட்டாள். சபைக்கான கைப்பிடி அரிசி. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அளந்தாள். அரிசி குறைந்துகொண்டே வருகிறது, பிடி குறையவில்லை. நானாயிருந்தால் விரல்களை இறுக்கிக்கொண்டிருப்பேன். இறுக்கிய கையில் கொஞ்சம்தான் நிற்கும்.

கண்டது: ஒன்றுமில்லை. (அம்மாவின் கை?)

ஜூலை 10, வியாழன்

மழை. வேதியியல் தேர்வு சுமார்.

காலையில் அம்மா அரிசி அளந்தபோது உழக்கு தகர டப்பாவின் அடியில் தட்டியது. 'டங்'. அடுத்த அறையிலிருந்த அப்பாவும் கேட்டிருப்பார். செய்தித்தாளைத் திருப்பாமல் ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்: "டின்ல அரிசி கிடக்குல்லாம்மா?"

"அது நம்ம அரிசி இல்லட்டி."

"நம்ம டப்பாவுல இருந்து போனதுதானே?"

"போயிட்டுல்லா? போனது போனதுதான். நீ போய்ப் படி."

சபையில் யாரிடமாவது சொல்லலாம் அல்லவா என்று கேட்டேன். கேட்க வேண்டியவரிடம் கேட்டாயிற்று என்று வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அவள் முகத்தில் கவலை இருந்தது, இல்லை என்று எழுதமாட்டேன். ஆனால் கவலையோடே பாட்டும் முணுமுணுத்தாள். இரண்டும் ஒரே முகத்தில் எப்படி?

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஸுஹறா இத்தா (இங்கே முஸ்லிம் வீட்டு அக்காவை இத்தா என்பார்கள்) மதில் மேலே பாத்திரத்தை நீட்டினார். "மோளே, கப்ப இச்சிரி கூடிப்போயி. களயண்டல்லோ." கொஞ்சம் கூடிவிட்டதாம், கொட்ட வேண்டாமே என்றாம். மரவள்ளிக்கிழங்கு, மேலே மத்திக் குழம்பு, ஆவி பறந்தது. அளவு தெரியாமல் அவிக்கிறவர் அல்ல இத்தா. தினமும் ஏன் கூடிப்போகிறது என்று அம்மாவிடம் கேட்டேன். "கேக்காத, சங்கடப்படுவாவ" என்றாள்.

கண்டது: கப்பை. இது பராமரிப்பா, இத்தாவா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா? யோசிக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

இன்றைக்கு நடந்ததை நிறைய எழுத வேண்டும்.

மாதம் ஒரு தடவை எங்கள் தமிழ்ச் சபை வீடுகளிலிருந்து கைப்பிடி அரிசி சேகரிப்பது அம்மாவின் பொறுப்பு. சேர்ந்தது எல்லாம் கஷ்டப்படும் ஒரு வீட்டுக்குப் போகும். எந்த வீடு என்று சேகரிப்பவர்தான் சொல்ல வேண்டும், வீடு வீடாக ஏறி இறங்கியவருக்குத்தானே தெரியும் என்பதால். சபையில் பெயர் வாசிக்கமாட்டார்கள்.

குடையும் சாக்குமாக நானும் போனேன். ஒரு வீட்டில் ஊர்ப் பொன்னி, ஒரு வீட்டில் கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசி, ஹோட்டல் வேலைக்காரர் வீட்டில் நொய். எல்லாம் ஒரே சாக்கில். கிடங்குகளுக்குப் பின்னால் ஒற்றை அறையில் புதிதாக வந்திருக்கும் ஜெயா அக்கா, இடுப்பில் கைக்குழந்தை. கணவர் தாஸ் அண்ணன் கட்டட வேலைக்கு வந்தவர், மழையில் வேலை நின்றுவிட்டது. டின் இல்லாததால் அக்கா தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் பிஸ்கட் டின்னையும் சாக்கில் கவிழ்த்தாள். சாக்கு அடுக்களை மூலையில். எங்கள் அரிசி டப்பா காலி. ராத்திரிக்குக் கோதுமைக் கஞ்சி.

அப்பா: "அடுக்களை நிறைய அரிசி, வயிறு நிறைய கோதுமை. ஒருத்தனும் நம்பமாட்டான்டே."

அம்மா சிரித்துப் புரையேறினாள். நான் சிரிக்கவில்லை. "நாளைக்கு நம்ம வீட்டைச் சொல்லலாம்லாம்மா? தப்பு இல்லையே?"

தப்பு இல்லை என்றார் அப்பா. அம்மா சாக்கின் வாயைக் கட்டினாள்.

கண்டது: நாளைக்குத் தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஸ்டெல்லா ஆன்ட்டி (பெண்கள் ஐக்கியச் செயலாளர்) கேட்டார். "இந்த மாசம் எந்த வீட்டுக்கு?"

அம்மா: "ஜெயா வீட்டுக்கு."

சாக்கின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கம் அம்மா. அப்பா இடது கையில் குடை. வழியில் அம்மாவே பேசினாள். "நேத்து அவ அரிசி எடுத்தப்ப கேட்டியா? உழக்கு அடியில தட்டுச்சு."

நான் கேட்கவில்லை. கவனிப்பதில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தவள். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் எங்கள் வீட்டிலும் கேட்டதுதான், அதனால்தான் அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது.

ஜெயா அக்கா எங்களை விடவில்லை. அரிசி கொண்டுவந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் தங்கள் ஊரில் இல்லையாம். அந்தக் கலப்பு அரிசியையே பொங்கினார். பொன்னி குழைந்துவிட்டது, மட்டை அரைவேக்காடு. பருப்புக் குழம்பு. தட்டில் எங்கள் வீட்டு அரிசி எது என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை.

தாஸ் அண்ணன் அப்பாவிடம்: "அண்ணாச்சிக்கு என்ன வேலை?"

"பெட்டி ஆட்டோ. இப்ப தார்ப்பாய்தான் ஓட்டிக்கிட்டு இருக்கு."

"ஊர்ல நானும் லோடு ஆட்டோதான். செங்கல் சூளைக்கு ஓட்டுனேன். லைசென்ஸ்கூட இருக்கு. இங்க வண்டி தர ஆள் தெரியாம சித்தாள் வேலைக்குப் போனேன்."

அப்பாவின் இடது கைக் கரண்டி தட்டில் விழுந்தது. "எலேய், உள்ளதாவா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். குழந்தை பயந்து அழுதது. அம்மா மட்டும் நிதானமாக எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

திரும்பும்போது கேட்டேன், அவருக்கு ஓட்டத் தெரியும் என்று உனக்கு முன்பே தெரியுமா?

"எனக்கு எப்படிட்டி தெரியும்? கைப்பிள்ளைக்காரி பட்டினி கிடக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். எங்கள் வீட்டைச் சொல்லியிருந்தால் இன்று எங்களுக்கு அரிசி இருந்திருக்கும். இரண்டு வாரம் சாப்பிட்டிருப்போம், பிறகு ரயில் ஏறியிருப்போம். இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். பெரிய ஆள் அம்மா. அவளுக்கு அது தெரியாது, சொன்னாலும் சீருடைக்குச் சோப்புப் போட்டாயா என்று கேட்பாள்.

கண்டது: மேலே எழுதியிருப்பது எல்லாம்.

ஜூலை 14, திங்கள்

தூறல். காலையிலேயே தார்ப்பாயைக் கழற்றியாயிற்று. தாஸ் அண்ணன் ஓட்ட, அப்பா பக்கத்தில். கூலி பாதிப் பாதி.

"எடது பக்கம் பாருடே, பஸ்ஸு!"

"பாத்துட்டேன் அண்ணாச்சி."

"ஹாரன் அடிக்காத, ஆடு படுத்திருக்கு. அது எந்திரிக்காது, நாமதான் சுத்திப் போகணும்."

இத்தா ஜன்னலிலிருந்து: "எந்தா, வண்டிக்கு ரெண்டு டிரைவறோ?"

"ஒருத்தனுக்குக் கை, ஒருத்தனுக்கு வாய்!" என்று அப்பா கத்தினார்.

நூலகச் சாவி பையில் இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன். நாளை புவியியல் தேர்வு.

சாயங்காலம் அப்பா புது அரிசியோடு வந்தார். இன்னும் மாவுக்கட்டு இருக்கிறது, மழை இருக்கிறது, எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. படித்துக்கொண்டிருந்த என்னை அம்மா கூப்பிட்டாள். அவள் கையெல்லாம் மீன். "டின்ல நீ போடு இன்னைக்கு. பெறவு அள."

டின்னில் ஒரு மணி அரிசிகூட இல்லை. புது அரிசிக்குள் கையை விட்டேன். விரல்களை இறுக்கவில்லை.