நான் அணைக்காத வண்டி

கார்த்திகை 9, செவ்வாய்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவரின் ஹைபிரிட் கார், பெட்ரோலுக்கும் பேட்டரிக்கும் தானே மாறி மாறி ஓடுவது, காலையில் பழவேற்காட்டில் இருக்கும் எங்கள் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தது. சைலன்சர் குழாயில் உள்ள சென்சார் கெட்டிருந்தது. உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்ததால், சூடேறினால் கழலும் என்று எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். பிறகு சத்தம் நின்றது. "ஆஃப்தான், அடில போ" என்று என் கூட்டாளி சலீமிடம் சொன்னேன். உண்மையில் வண்டி ஆனில்தான் இருந்தது. பேட்டரிக்கு மாறியதால் சத்தம் இல்லை. அவன் சென்சாரைக் கழற்றிய நொடியில் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கி, அந்த ஓட்டை வழியாகச் சூட்டுப் புகை அவன் முகத்தில் அடித்தது.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் இரண்டு கண்களுக்கும் கட்டுப் போட்டார்கள். வலது கண்ணைப் பற்றி டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. சலீமின் மனைவி நூர்ஜஹான் ஓடிவந்து என்னைக் கேட்டாள்: "இன்னாண்ணா ஆச்சு? வண்டிய ஆஃப் பண்லியா?"

"அவன்தான் மறந்துட்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல வாய் எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

படுக்கையிலிருந்து சலீம் பேசினான். "ஆமா நூரு. நாந்தான் மறந்துட்டேன்."

அவள் அழுதுகொண்டே அவனைத் திட்டினாள். அவன் கையை நீட்டி, கட்டிலோரம் தடவித் தடவி என் கையைத் தேடினான்.

நான் நகர்ந்து நின்றுகொண்டேன்.