கைப்பிடித்தவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. உன்னிடம் அதை எப்படிக் கேட்பதென்று தெரியாமல் பேனாவை மூடி மூடித் திறக்கிறேன். என்னை உனக்குத் தெரியும். நீச்சல் குளத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் மாற்றுகிறவன். நான்தான் உன்னை ஒருநாளும் பார்த்ததில்லை. என் மகள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தாய்.

கல்லூரி விட்டு வந்து டிக்கெட் கொடுக்க உட்காருகிறவள், குதிக்கும் மேடையின் கடைசிப் படியைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். ஆறு வருஷத்துக்கு முன் இதே குளத்தில் மூழ்கிப்போன பையன் என்றாள். "அப்பா, நீங்க பாடினா அவன் காதைப் பொத்திக்கிறான்" என்பாள். செத்தும் திமிர் அடங்கவில்லையே என்று திட்டியிருக்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உயிரோடு இருப்பவர்களை நீ ஒரே ஒரு முறைதான் தொட முடியும், தொட்டால் அதோடு போய்விட வேண்டும் என்று அவளிடம் சொன்னாயாம். அந்த ஒரு முறையை உன் அம்மாவுக்கென்று வைத்திருந்தாயாம். உன்னைப் பறிகொடுத்தபின் ஊரை விட்டே போனவர் என்றாவது வருவார், அவர் கையை ஒருதரம் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தாய். என் மகள் பக்கத்திலேயே இருந்தும் நீ விரல் நீட்டவில்லை. ஆசை இருந்தும் அவளும் கேட்கவில்லை.

அன்று குளத்துக்கு விடுமுறை. ஓரத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவள் வழுக்கி, கல்லில் தலை மோதி, ஆழமான பக்கம் விழுந்திருக்கிறாள். மோட்டார் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் கரையில் கிடந்து இருமுகிறாள். மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. "ஏம்ப்பா என்னைப் புடிச்சான்? அம்மாவுக்குன்னு வச்சிருந்தானே" என்று அழுதாள். தையல் பிரித்த பிறகும் பல நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அவளே எழுந்தாள். அலுவலகத்துப் பழைய பதிவேடுகளைக் குடைந்து உன் அம்மாவின் முகவரியைப் பிடித்து எல்லாவற்றையும் எழுதினாள். நேற்று அவர் வந்தார். பைத்தியக்காரர்கள் என்று திட்டுவாரோ என்று எனக்கு ஒரே உதறல். அவரோ எங்களைத் திட்டவில்லை, அழவுமில்லை. "எந்தக் கையைப் புடிச்சான்?" என்று மட்டும் கேட்டார். என் மகள் வலது கையை நீட்டினாள். அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சாயங்காலம்வரை குளத்தோரம் உட்கார்ந்திருந்தார்.

இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அவரைப் பற்றிய கவலையை எங்களிடம் விட்டுவிடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் பெண்ணுக்குப் பதினெட்டுதான் ஆகிறது. என்றாவது அவள் இன்னொருவன் கையைப் பிடிப்பாள். பிடிக்கவும் வேண்டும். அன்று கோபித்துக்கொள்ளாமல் வாழ்த்து, கண்ணு.

எங்கிருந்தாலும் நன்றாயிரு.

இப்படிக்கு,
உன் மாமா